100 ரிங்கிட் வெள்ள நிவாரணப் பெட்டி: பிரித்து, நிறுத்து, கணக்குப் பார்த்த மதிப்பீடு

நவம்பர் பிறந்தால் போதும், மலேசியாவில் செலாயாங்கிலிருந்து கிள்ளான் வரை மொத்த வியாபாரிகளிடம் ஒரே சரக்கு பல பெயர்களில் விற்பனைக்கு வந்துவிடும். உணவுக்கூடை என்பார்கள், மலாயில் பக்குல் மக்கானான் என்பார்கள், வெள்ள நிவாரண செட் என்பார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். விலையும் 50 அல்லது 100 ரிங்கிட்டில் வந்து நிற்கும். கோயில் நிர்வாகம், இளைஞர் மன்றம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், கம்பெனி ஊழியர் குழு என்று யார் உதவிக்குக் கிளம்பினாலும் முதலில் ஆர்டர் கொடுப்பது இதற்குத்தான். இந்த 100 ரிங்கிட் பெட்டியைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். இது ஒரு கடையைப் பற்றிய விமர்சனம் அல்ல. கடைக்குக் கடை பிராண்டு மாறுமே தவிர பெட்டியின் அமைப்பு மாறுவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, அடுப்பு எரியத் தொடங்கிய குடும்பத்துக்கு இது உருப்படியான பெட்டி. மாடியில் சிக்கிக்கொண்டவர்களுக்கு ஏறத்தாழ எந்தப் பயனும் இல்லை. நிவாரண மையத்தில் இருப்பவர்களுக்கு இது தூக்கிச் சுமக்க வேண்டிய இன்னொரு மூட்டை. மூன்று வெவ்வேறு நிலைகளுக்கும் ஒரே பெட்டியை வாங்கி அனுப்புவதுதான் நம் ஊர் உதவிகளில் மறுபடி மறுபடி நடக்கும் கோளாறு.

உள்ளே இருப்பது

5 கிலோ அரிசி, 1 கிலோ சமையல் எண்ணெய், 1 கிலோ சீனி, 1 கிலோ கோதுமை மாவு, 155 கிராம் சார்டின் டின் ஆறு, ஐந்து பாக்கெட் கொண்ட மீ (நூடல்ஸ்) கட்டு இரண்டு, 500 கிராம் டின்பால் ஒன்று, 300 கிராம் பிஸ்கட், உப்பு, தேத்தூள். அட்டைப்பெட்டியோடு சேர்த்து 12 கிலோவை ஒட்டி வரும்.

பேரிடர் உதவிக்கு உலக அளவில் பின்பற்றப்படும் ஸ்பியர் கையேடு, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்று திட்டமிடச் சொல்கிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 10,500. இந்தப் பெட்டியில் அரிசி சுமார் 18,000, எண்ணெய் 8,800, சீனி 3,900, மாவு 3,600, மீ 3,500, டின்பால் 1,600, பிஸ்கட் 1,400, சார்டின் 1,200. கூட்டினால் 42,000. ஐந்து பேருக்கு நான்கு நாள் சாப்பாடு. 100 ரிங்கிட்டுக்கு இது குறை சொல்ல முடியாத அளவு.

இப்போது அதே பெட்டியை அடுப்பில்லாத வீட்டில் பிரித்துப் பாருங்கள். அரிசி, மாவு, எண்ணெய், சீனி, டின்பால், தேத்தூள் எல்லாம் ஓரமாகப் போய்விடும். மீக்குச் சுடுதண்ணீர் வேண்டும். மிஞ்சுவது பிஸ்கட்டும் சார்டினும். இரண்டும் சேர்ந்து 2,600 கிலோகலோரி. ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 520, அதாவது ஒரு வேளை. 12 கிலோவைப் படகில் ஏற்றி, இடுப்பளவு தண்ணீரில் தலைமேல் சுமந்து, மாடிப்படி ஏறிக் கொடுத்த பிறகு அந்தக் குடும்பம் அன்று சாப்பிட முடிவது அவ்வளவுதான். சார்டின் டின்னில் இழுத்துத் திறக்கும் வளையம் இல்லாவிட்டால் அந்த ஒரு வேளையும் அரைகுறைதான். டின் திறப்பான் கீழ்த்தளச் சமையலறையில், தண்ணீருக்கடியில் ஏதோ ஒரு இழுப்பறையில் கிடக்கும்.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கே மூழ்கியபோது, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் நின்றுகொண்டு படகுக்காகக் காத்திருந்ததை நாடே பார்த்தது. அந்த நேரத்தில் அரிசி மூட்டையால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. கையில் கொடுத்ததும் பிரித்து வாயில் போடக்கூடியதும், குடிக்கத் தண்ணீரும்தான் வேண்டும்.

யார் சாப்பிடுவார்கள் என்ற கேள்வி

நம் ஊரில் இந்தக் கேள்வி எளிதானதல்ல. ஹலால் முத்திரை எல்லாப் பொருளிலும் இருந்தாக வேண்டும். எந்தப் பெட்டி எந்த வீட்டுக்குப் போகும் என்று கட்டும்போது தெரியாது. மாட்டிறைச்சி டின் கூடவே கூடாது. இந்துக்கள் பலரும், பௌத்தர்களில் ஒரு பகுதியினரும் தொட மாட்டார்கள். சார்டின் தீர்ந்துபோனால் கையில் கிடைத்த டின்னைப் போட்டு நிரப்புவது வியாபாரிகளிடம் சகஜம். ஆகவே மாற்றாக எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பெட்டியில் புரதம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டியாவது சார்டினுக்குப் பதில் வேகவைத்த கொண்டைக்கடலை டின்னும் அவரை டின்னும் வைத்துக் கட்டி, வெளியே பச்சை நாடா ஒட்டிவிடுங்கள். கோயில் மண்டபத்திலிருந்து விநியோகித்தால் இந்த விகிதத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான ஒரு மாற்றம்: 1 கிலோ சீனியை அரைக் கிலோவாகக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு போடுங்கள். ஐந்து பேருக்கு நான்கு நாளில் ஆறு சிறிய சார்டின் டின் என்பது புரதத்தில் மிகவும் பின்தங்கிய கணக்கு.

டின்பாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது சீனி கலந்த கிரீமர்; கைக்குழந்தைக்கு உணவாகாது. நெருக்கடியில் பால்மாவு கிடைக்காத தாய் அதைக் கரைத்துக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. பெட்டியின் மேல் இரண்டு மொழியிலாவது இதை எழுதுங்கள். அதற்காக எல்லாப் பெட்டியிலும் பால்மாவைப் போட்டுவிடுவதும் சரியில்லை. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களை இப்படிப் பொதுவாக விநியோகிப்பதை 1981ஆம் ஆண்டின் சர்வதேச விதிமுறையும் பேரிடர்கால வழிகாட்டிகளும் ஏற்பதில்லை. அசுத்தத் தண்ணீரில் கரைத்த புட்டிப்பால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாய்ப்பால் இல்லாத குழந்தை இருக்கும் வீட்டைக் கேட்டறிந்து, அந்த வீட்டுக்கு மட்டும், சுத்தமான தண்ணீரோடும் கப்போடும் கொடுப்பதுதான் முறை.

கட்டியிருக்கும் விதம்

இந்தப் பெட்டி அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

முதல் குற்றவாளி எண்ணெய்ப் பை. விலையை 100 ரிங்கிட்டுக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக 1 கிலோ பிளாஸ்டிக் பை எண்ணெயைப் போடுகிறார்கள். 2 ரிங்கிட் 50 சென் மானிய எண்ணெய் வீட்டு உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. அதைப் பெட்டி பெட்டியாக வாங்கி இதற்குத் திருப்பிவிடுவது முறையல்ல. அது ஒருபுறம் இருக்க, எந்த எண்ணெய்ப் பையாக இருந்தாலும் மேலே நான்கு பெட்டி ஏறினால் ஒட்டுப்போட்ட விளிம்பில் பிளந்துவிடும். அடுக்கின் நடுவில் ஒரு பை பிளந்தால் அதற்குக் கீழே உள்ள அட்டைகள் எல்லாம் எண்ணெயில் ஊறும். ஊறிய அட்டை சுமை தாங்காது, ஒட்டிய லேபிள் கழன்றுவிடும், பிஸ்கட்டும் மாவும் வீணாகும். பாட்டில் எண்ணெய்க்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் தயங்கவே வேண்டாம். பாட்டிலை நிமிர்த்தி மூலையில் வையுங்கள். மூடியைச் சுற்றி ஒரு சுற்று டேப் போடுங்கள்.

அடுத்தது சோப்பு. சில கடைகளில் "முழு செட்" என்று துணி சோப்பையும் பல்பசையையும் உணவோடு ஒரே பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். வெயிலில் நின்ற லோரியில் இரண்டு நாள் இருந்தால் அரிசியிலும் பிஸ்கட்டிலும் சோப்பு வாடை ஏறிவிடும். அந்தச் சோற்றைப் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள். உணவும் சோப்பும் எப்போதும் தனித்தனிப் பெட்டியில் போக வேண்டும்.

அட்டையும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒற்றை அடுக்கு அட்டை குளிர்ந்த கடையில் விறைப்பாக இருக்கும். மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும்போது அது தாங்கும் சுமை பாதியளவுக்குக் குறைந்துவிடும். செங்கல் அடுக்குவதைப் போலப் பெட்டிகளை மாற்றி மாற்றி அடுக்கினால் சரியாது என்று பலர் நினைக்கிறார்கள். அட்டைப்பெட்டியின் பலம் நான்கு மூலைகளில் இருக்கிறது. மூலைமேல் மூலை நேராக நின்றால்தான் அது சுமக்கும். மாற்றி அடுக்கினால் பலத்தில் பாதி வரை போய்விடும். நேராக அடுக்கி, சுற்றி பிளாஸ்டிக் உறை இழுத்துக் கட்டுவதுதான் சரி. ஐந்து பெட்டி உயரத்துக்கு மேல் வேண்டாம். பெட்டிக்குள் மேல்பக்கம் காலியாக இருந்தாலும் மூடி உள்வாங்கி நசுங்கும். அரிசி அடியில், டின் பக்கத்தில், மீ கட்டு மேலே என்று வைத்து மூடி வரை நிரம்பும் அளவில் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

12 கிலோ என்ற எடையை மட்டும் மாற்ற வேண்டாம். 10 கிலோ அரிசி போட்ட பெட்டி 17 கிலோ வரும். வயதானவர்களும் சிறு உடம்புக்காரர்களும் அதைத் தூக்கி ஏணியில் ஏற முடியாது. 10 கிலோ கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு 5 கிலோ பைகளாகத் தனியே கொடுங்கள்.

நிவாரண மையத்தில் ஏன் சுமையாகிறது

பள்ளிகளிலும் சமூக மண்டபங்களிலும் திறக்கப்படும் தற்காலிக நிவாரண மையங்களில் சமைத்த சாப்பாட்டைச் சமூக நல இலாகா ஏற்பாடு செய்கிறது. அங்கே குடும்பங்கள் தனித்தனியாகச் சமைக்க இடமில்லை, சமைக்க விடவும் மாட்டார்கள். ஒரு கூடாரத்துக்குள் ஐந்து பேர் படுக்க வேண்டிய இடத்தில் 12 கிலோ பெட்டி வந்து உட்கார்ந்தால் ஒரு பிள்ளைக்குப் படுக்க இடமில்லாமல் போகும். மூன்று அமைப்புகள் வந்து மூன்று பெட்டி கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போன மையங்களில், வீடு திரும்பும் நாளில் அவற்றைக் கொண்டுபோக வண்டியில்லாமல் குடும்பங்கள் திண்டாடுகின்றன.

மையத்தில் இருப்பவர்களுக்கு வேண்டியது வேறு. உடுத்திய துணியோடு வந்தவர்களுக்குச் சாரோங், துண்டு, புது உள்ளாடை, பெண்களுக்கு அணையாடை, குழந்தைக்கு எம், எல் என்று அளவு பார்த்த டயப்பர், பல்துலக்கி, குளியல் சோப்பு, கொசுவிரட்டி, கைப்பேசி சார்ஜர். ஸ்பியர் அளவின்படி ஓர் ஆளுக்கு மாதம் 250 கிராம் குளியல் சோப்பும் 200 கிராம் துணி சோப்பும் வேண்டும். ஐந்து பேர் குடும்பம் ஒரு வாரம் மையத்தில் இருந்தால் சுமார் 300 கிராம் குளியல் சோப்பு, 250 கிராம் துணி சோப்பு. இந்த செட்டைக் கட்டித் தரும் மொத்த வியாபாரிகள் குறைவு. கேட்டால் கட்டித் தருவார்கள். உள்ளாடையும் டயப்பரும் அளவுவாரியாகத் தனிப் பெட்டியில் வர வேண்டும்; கலந்து வந்தால் மையத்தில் அரை நாள் பிரிப்பதிலேயே போய்விடும். பழைய துணியைப் பற்றி ஒரே வார்த்தை: அனுப்பாதீர்கள். பிரிக்க ஆள் வேண்டும், வைக்க இடம் வேண்டும், கடைசியில் பெரும்பகுதி குப்பைக்குப் போகும்.

வீடு திரும்பும் நாள்

இந்த 100 ரிங்கிட் பெட்டிக்குரிய நேரம் இதுதான். ஆனால் அன்று காலையில் குடும்பத்துக்கு முதலில் வேண்டியது உணவல்ல. கணுக்கால் அளவு சேறு, கவிழ்ந்து கிடக்கும் ஐஸ்பெட்டி, ஊறி வீங்கிய மெத்தை, சுவரில் ஆளுயரத்துக்குக் கறை. அதைக் கழுவாமல் அடுப்பைப் பற்றவைக்க முடியாது.

ஆகவே உணவுப் பெட்டியோடு, சொல்லப்போனால் அதற்கு முன்பாகவே, கழுவும் செட் போய்ச்சேர வேண்டும். ஒரு வீட்டுக்கு: கெட்டி ரப்பர் தள்ளுகோல் ஒன்று, கடினத் துடைப்பம் ஒன்று, வாளி இரண்டு, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை மூன்று ஜோடி, முகக்கவசம், கனமான கறுப்புக் குப்பைப் பை இருபது, துணித்தூள் 1 கிலோ, பிளீச் 2 லிட்டர். மண்வெட்டியும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியும் மூன்று வீட்டுக்கு ஒன்று போதும். உயரழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சியைத் தெருவுக்கு ஒன்று வாடகைக்கு எடுங்கள். மின்சாரம் வந்திருக்காது என்பதால் பெட்ரோலில் ஓடும் வகையாக இருக்கட்டும். அதற்குத் தண்ணீர்த் தொட்டியும் கூடவே போக வேண்டும். பூட்ஸ் முக்கியம். வெள்ளச் சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சின்ன வெட்டு இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே உள்ளே போகும். அளவு தெரியாமல் பூட்ஸ் வாங்கினால் பாதி வீணாகும். பெரியவர்களுக்கு 7, 8, 9 ஆகிய அளவுகளைக் கூடுதலாக வைத்து, மற்றவற்றைக் கேட்ட பிறகு வாங்குவது நல்லது.

பிளீச் பாட்டிலோடு ஒரு துண்டுச்சீட்டு வேண்டும். 5 விழுக்காடு பிளீச் என்றால் 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர், அதாவது 10 லிட்டர் வாளிக்கு 200 மில்லி. முதலில் சேற்றைத் தள்ளி, சோப்புத் தண்ணீரில் கழுவி, கடைசியாகத்தான் பிளீச். சேறு இருக்கும்போதே ஊற்றினால் அதன் வீரியம் முழுக்கச் சேற்றிலேயே தீர்ந்துவிடும். கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். இதைத் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் எழுதுங்கள். செலாயாங் பக்கம் விநியோகம் என்றால் பர்மிய மொழியும், தொழிற்சாலை விடுதிகளுக்கு என்றால் வங்காளமும் நேபாளியும் வேண்டும். பிளீச் வெயிலில் மாதக்கணக்கில் இருந்தால் வீரியம் குறையும் என்பதால் அதை மட்டும் முன்கூட்டியே வாங்கி அடுக்காதீர்கள்.

தண்ணீர்

500 மில்லி பாட்டில் 24 கொண்ட ஒரு பெட்டி 12 கிலோ. குடிக்கவும் சாப்பாட்டுக்கும் மட்டுமே ஆளுக்கு நாளொன்றுக்கு 2.5 முதல் 3 லிட்டர் வேண்டும். ஐந்து பேருக்கு 12.5 முதல் 15 லிட்டர். ஆக ஒரு பெட்டித் தண்ணீர் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கே பற்றாது. 1 டன் லோரியில் 80 உணவுப் பெட்டி ஏறும்; கூடவே தண்ணீரும் வேண்டுமென்றால் 40 குடும்பத்துக்குத்தான் இடம். இந்தக் கணக்கைப் போடாமல் லோரி பிடிப்பதால்தான் தண்ணீர் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

சின்னப் பாட்டிலைப் படகில் போகிறவர்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். லோரி போகக்கூடிய இடத்துக்கு 19 லிட்டர் பெரிய போத்தலோ தொட்டி லோரியோதான் சரிப்படும். குளிக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு ஸ்பியர் சொல்லும் 15 லிட்டரைப் பாட்டிலில் கொடுக்கவே முடியாது. குழாய்த் தண்ணீர் நின்றுபோன இடங்களுக்குக் குளோரின் மாத்திரை உதவும். 67 மில்லிகிராம் மாத்திரை 20 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு. போட்டு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். 33 மில்லிகிராம் மாத்திரை 10 லிட்டருக்கு. இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து அனுப்பினால் அளவு தப்பும். கலங்கிய தண்ணீரைத் துணியில் வடிகட்டித் தெளிய வைக்காமல் மாத்திரை போட்டால் பலனிருக்காது. மாத்திரை கொடுக்கும் வீட்டில் மூடியுள்ள 20 லிட்டர் பாத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வியாபாரியின் சேவை எப்படி

வேகத்தில் குறை சொல்ல முடியாது. நூறு, இருநூறு பெட்டியை ஒரே நாளில் கட்டி ஏற்றிவிடுகிறார்கள். பிரச்சினை அந்தப் பெட்டி எப்போது கட்டப்பட்டது என்பதில். சீசனை எதிர்பார்த்து முன்னதாகவே கட்டி அடுக்கியதாக இருந்தால், அந்தப் பெட்டியின் ஆயுள் அதற்குள் முதலில் காலாவதியாகும் பொருளின் ஆயுள்தான், பெரும்பாலும் பிஸ்கட். நம் வெக்கையில் அரிசியிலும் மாவிலும் வண்டு வந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காலாவதி நெருங்கும்போது ஒரு பிஸ்கட்டை மாற்ற இருநூறு பெட்டியைப் பிரிக்க வேண்டும். யாரும் பிரிப்பதில்லை.

பெரிய அமைப்புகள் இதற்கு வைத்திருக்கும் வழி எளிமையானது. 2012இல் சுபாங்கில் திறந்த ஆசியான் அவசரகாலக் கிடங்கில் பொருட்கள் வகைவாரியாகத்தான் அடுக்கப்படுகின்றன. தேவையைப் பார்த்து எதை எவ்வளவு ஏற்றுவது என்று முடிவாகிறது. நாமும் அப்படியே செய்யலாம். அரிசி அரிசியாக, டின் டின்னாக அதனதன் பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் காலாவதியாவது முதலில் வெளியேறும்படி அடுக்குங்கள். அழைப்பு வந்த பிறகு கட்டுங்கள். நீள மேசையில் பத்துப் பேர் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு பொருள் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு பெட்டி நகர்ந்தால் மணிக்கு 120 பெட்டி முடியும்.

வரிசையின் கடைசியில் ஒரு தராசு வையுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்யாதவர்கள்தான் அதிகம். சரியாகக் கட்டிய பெட்டியின் எடையை எழுதி ஒட்டிவிட்டு ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்துப் பாருங்கள். ஒரு சார்டின் டின் விடுபட்டால் 190 கிராம் வரை குறையும், உடனே தெரிந்துவிடும். 100 கிராமுக்கு மேல் வித்தியாசம் காட்டும் பெட்டியைத் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் போதும். தேத்தூள் விடுபட்டதைத் தராசு காட்டாது. அதை வரிசையில் முதல் ஆளிடம் கொடுத்து எண்ணி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னும் நல்ல ஏற்பாடு, வியாபாரியிடமே சரக்கை வைத்திருக்கச் சொல்வது. "இத்தனை குடும்பத்துக்கான சரக்கு எந்நேரமும் உங்கள் கிடங்கில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் இத்தனை மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், எடுக்கும்போது பணம்" என்று செப்டம்பரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு அவருடைய அன்றாட வியாபாரத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால் பழசாகாது. உங்கள் பணமும் முடங்காது. அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: விலை உச்சவரம்பு, மாற்றுப் பொருட்களின் பட்டியல், இரவிலும் எடுக்கும் இரண்டு தொலைபேசி எண், லோரியின் அளவு, பிரிக்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனை, ஒரே நேரத்தில் பலர் கேட்டால் யாருக்கு முதலில் என்ற வரிசை. இந்தக் கடைசி நிபந்தனையை விட்டுவிட்டால் டிசம்பரில் மற்ற எல்லாமே ஏட்டுச்சுரைக்காய்தான்.

ஒரே கிடங்கை நம்புவதும் ஆபத்து. 2021இல் கிள்ளான் பள்ளத்தாக்கின் முக்கிய நெடுஞ்சாலைகளே துண்டிக்கப்பட்டன. கோலாலம்பூர் பக்கம் ஒன்று, கிள்ளான் பக்கம் ஒன்று என்று இரு திசையிலும் ஒவ்வொரு வியாபாரி இருந்தால் ஏதாவது ஒரு வழி திறந்திருக்கும். அவருடைய கிடங்கின் தரை தெருவைவிட எவ்வளவு உயரம் என்று நேரில் போய்ப் பாருங்கள். கடைவீட்டுக் கீழ்த்தளத்தில் தரையோடு வைத்த அரிசி, வெள்ளத்தில் முதலில் நனைகிற அரிசி.

லோரியை எப்போது கிளப்புவது என்பதற்கும் ஊகம் தேவையில்லை. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பன்ஜிர் தளம் ஆற்று மட்டத்தை வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலையாகக் காட்டுகிறது. விழிப்பு நிலையில் வியாபாரிக்குத் தகவல், எச்சரிக்கை நிலையில் கட்டி ஏற்றுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் அந்த இரவில் யாரும் கூட்டம் போட்டுப் பேச வேண்டியதில்லை. பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை என்றாலும், கோலாலம்பூரில் ஏப்ரல், மே, அக்டோபர் மாத மாலை மழையிலும் திடீர் வெள்ளம் வரும். அதற்கு நேரமே கிடைக்காது. உடனே சாப்பிடும் பெட்டி மட்டுமாவது தயாராக இருக்க வேண்டும்.

டெலிவரி ஆர்டர் மூன்று பிரதி. ஏற்றியது எத்தனை, இறக்கியது எத்தனை, வித்தியாசம் எத்தனை, யார் பெற்றார், எத்தனை மணிக்கு. கையெழுத்து வாங்கிய பிறகுதான் பெட்டியைப் பிரிக்கத் தொடங்க வேண்டும். விநியோகத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடுகளுக்கு இரண்டு மூன்று முறை கிடைத்து, உள் லோரோங்குகளுக்கு (சந்துகளுக்கு) ஒன்றுமே போகாமல் இருப்பது எல்லாத் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) நடக்கிறது. லோரோங் வாரியாக வீட்டு எண்களை எழுதிய ஒரே பட்டியலை எல்லா அமைப்புகளும் பகிர்ந்துகொண்டு, கடைக்கோடி லோரோங்கிலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும்.

தார்ப்பாய் சேர்த்த செட்

150 ரிங்கிட்டுக்கு மேல் நீலக் கென்வாஸ் ஒன்றையும் சேர்த்துத் தருகிறார்கள். நம் வட்டார வெள்ளத்துக்கு இது தேவையில்லை. மக்கள் கட்டடத்துக்குள்தான் தங்குகிறார்கள். புயலில் கூரை பறந்த வீடுகளுக்கு என்றால் தரம் பார்த்து வாங்குங்கள். செஞ்சிலுவை அமைப்புகள் கொடுக்கும் 4க்கு 6 மீட்டர் தார்ப்பாய் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம். மொத்தம் 5 கிலோவை ஒட்டி இருக்கும். கடையில் கொடுப்பதைத் தராசில் வையுங்கள். அதே அளவு 2.5 கிலோதான் இருந்தால், நம் வெயிலில் சில மாதங்களில் நார்நாராகிவிடும்.

யார் எதை வாங்கலாம்

படகுக் குழுவோடு தொடர்புள்ளவர்கள் இந்தப் பெட்டியை வாங்கவே வேண்டாம். ஆளுக்கு ஒரு பை என்று கட்டுங்கள்: 400 கிராம் பிஸ்கட், வளையம் வைத்த டின் இரண்டு, பேரீச்சம்பழம் 200 கிராம், தண்ணீர் 1.5 லிட்டர் பாட்டில் இரண்டு, ஒரு சின்ன டார்ச். ஐந்து கிலோவுக்குள் அடங்கும். தண்ணீர் புகாத பையில் முடிச்சுப் போட்டுவிட்டால் எட்டி வீசவும் முடியும், கயிற்றில் கட்டி மாடிக்கு இழுக்கவும் முடியும். நிவாரண மையத்துக்குப் போகிறவர்கள் முதலில் மையத்தின் பொறுப்பதிகாரியைக் கூப்பிட்டு இன்று என்ன குறைகிறது என்று கேட்டு, அதை மட்டும் கொண்டுபோங்கள். வீடு திரும்புகிறவர்களுக்கு உதவுகிறவர்கள் 100 ரிங்கிட் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். பாட்டில் எண்ணெய், பாதிச் சீனிக்குப் பதில் பருப்பு, வளையம் வைத்த டின், மரக்கறிப் பெட்டிக்குப் பச்சை நாடா, கட்டிய தேதியும் முதலில் காலாவதியாகும் பொருளின் தேதியும் எழுதிய லேபிள். இந்த ஐந்தையும் ஆர்டரில் எழுதுங்கள். 100 ரிங்கிட்டுக்குள் அடங்கவில்லை என்று வியாபாரி சொன்னால் மீயில் ஒரு கட்டைக் குறையுங்கள். எண்ணெய்ப் பைக்கு மட்டும் திரும்பிப் போகாதீர்கள்.